நெக்ஸ்ட் சார் அடிப்படை வகுப்பில் சேர்ந்த கதை

அந்தக் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் தலையெழுத்து முதல் மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த ஓர் அறையில் எழுதப்பட்டது. கதவில் 'கல்வி ஆலோசனை மையம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே ஆலோசனை நடந்ததா என்பது வேறு விஷயம்.

மேசைக்குப் பின்னால் ஆலோசகர் உட்கார்ந்திருப்பார். பிள்ளை உள்ளே வந்து நாற்காலியை இழுப்பதற்குள் கணினியில் அதன் திறனறித் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து முடித்திருப்பார். கணிதம் ஒரு எண், வாசிப்பு ஒரு எண், எழுத்து ஒரு எண். ஒரு மனித உயிரைப் பற்றித் தெரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

"மேத்ஸ் ரெண்டாம் நிலை. எழுத்து அடிப்படை நிலை. வணிகவியல் எடுத்துக்கோ. இங்க கையெழுத்துப் போடு. நெக்ஸ்ட்!"

'வணக்கம் சார்' சொல்லத் திறந்த வாயை மூட மறந்தபடியே பிள்ளை வராந்தாவில் வந்து நிற்கும். அதனால் கல்லூரி முழுக்க அவருக்கு நெக்ஸ்ட் சார் என்றுதான் பெயர். அவர் காதிலும் அது விழுந்திருந்தது. தன் வேகத்தைப் பிள்ளைகள் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டுமே, அதுகூட அவரிடம் இல்லை. யாராவது துணிந்து, "சார், பரீட்சை அன்னிக்கு எனக்குச் சரியான காய்ச்சல்" என்றால், "காய்ச்சல் உடம்புக்குத்தானே வந்துச்சு?" என்பார். "எனக்கு இந்தப் பாடம் பிடிக்கல சார்" என்றால், "பிடிக்குதா பிடிக்கலையான்னு தேர்வுல கேக்கலையே" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே முத்திரை மாதிரி ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: "தேர்வு பொய் சொல்லாதுப்பா."

அந்த வருடம் அவருடைய மகளும் அதே கல்லூரியில் சேர்ந்தாள்.

மகள் அதிகம் பேசாத பெண். தொலைபேசியில் கூப்பிட்டால், "ம்", "சரி", "வைக்கறேன்" என்ற மூன்றே சொல்லில் ஒரு மணி நேர விஷயத்தை முடித்துவிடுவாள். கணக்கில் புலி. மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நின்று திறனறித் தேர்வை எழுதினாள். அப்பாதான் ஆலோசகர் என்பதற்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய முறை வந்தபோது அவரது அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவர் திரையைப் பார்த்தார். கணிதம், உச்சி. வாசிப்பு, நன்று. எழுத்து, பாதாளம்.

ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், நிலை மாறிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் செய்யாமல் விட்டதில் நெக்ஸ்ட் சாருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் பொங்கியது. பெற்ற மகள் என்றும் பார்க்காத தன் நேர்மையை எண்ணி அவருக்கே கண் கலங்குவது போலிருந்தது.

"எழுத்து அடிப்படை நிலை. இங்க கையெழுத்துப் போடு. நெ..."

மிச்சம் தொண்டையில் நின்றுவிட்டது. மகள் காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையெழுத்துப் போடாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விசாரணை தொடங்கியது. அவருடைய மனைவி பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பேசுவது முழுக்கத் தன் முறை என்று நினைப்பவர்.

"அப்படி என்னதான் எழுதினே?" என்று அப்பா கேட்டார்.

"'வாழ்க்கையில் உங்கள் லட்சியம் என்ன? முந்நூறு சொற்களில் எழுதுக'ன்னு கேட்டிருந்தாங்க."

"சரி?"

"'எனக்கு இன்னும் தெரியாது'ன்னு எழுதினேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"முந்நூறு சொல் கேட்டா மூணு சொல்லா எழுதுவாங்க?"

"அவ்வளவுதானேப்பா தெரியும்."

"உண்மையைத்தானே எழுதியிருக்கா," என்றார் மனைவி. "ஏங்க, நான்கூட ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கறேன். நீங்க பெத்த பொண்ணுகிட்ட அதைக்கூடக் கேக்காம பிடுங்கிட்டீங்க."

"எனக்குக் கேக்க வேண்டிய அவசியமே இல்லை. எக்ஸ்ரே மாதிரி ரிசல்ட் இருக்கு."

"எக்ஸ்ரே என்கிட்டயும்தான் இருக்கு. இருந்தும் கேக்கறேன். சில சமயம் வலிக்கறது பக்கத்துப் பல்லா இருக்கும்."

மகள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள். "அந்த கிளாஸுக்கு நான் போகல. காலேஜுக்கும் போகல."

"தேர்வு பொய் சொல்லாதும்மா."

"நீங்க அதை எழுதியிருக்கீங்களா?"

நெக்ஸ்ட் சார் சிரித்தார். "நான் அதை வாங்கின கமிட்டியில இருந்தவன்."

"எழுதியிருக்கீங்களா?"

"நான் எதுக்கு எழுதணும்?"

"எழுதுங்க. நீங்க மேல்நிலை வாங்கிட்டா, நான் பேசாம அடிப்படை கிளாஸுக்குப் போறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் நடக்கும். மாட்டுகிறவருக்கு அந்த நிமிடத்தில் அது வெற்றி போலத் தோன்றும். நெக்ஸ்ட் சார் தோளைக் குலுக்கி, "நாளைக்கே எழுதறேன்" என்றார். மயக்க ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மனைவியின் முகத்தில் ஒரு பொறுமை தெரியும், அது தெரிந்தது.

தேர்வறைப் பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் பெண்மணி. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"சும்மா உக்காந்து எழுத முடியாது சார். மாணவரா பதிவு பண்ணினவங்கதான் எழுதலாம். விதி."

"அது யார் போட்ட விதி?"

"நீங்க போட்டது."

கல்லூரி ஊழியர்கள் ஒரு பாடத்தை இலவசமாகப் படிக்கலாம் என்று ஒரு திட்டம் எந்தக் காலத்திலோ அறிவிக்கப்பட்டிருந்தது. அதை இதுவரை ஒருவரும் பயன்படுத்தியதில்லை. ஊழியர்கள் கல்லூரியை உள்ளிருந்து பார்த்தவர்கள் என்பது காரணமாக இருக்கலாம். அந்தத் திட்டத்தின் கீழ் நெக்ஸ்ட் சார் மாணவரானார். கைக்கடிகாரம், தொலைபேசி, பேனா எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குப் போயின. புதுப் பிள்ளைகள் நடுவில் ஒரு கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

வாசிப்புப் பகுதியில் தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. 'இதை எழுதியவரின் நோக்கம் யாது?' என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். நான்குமே அவருக்குச் சரியாகப் பட்டன. படித்த மனிதர் அல்லவா, நான்குக்கும் ஆதரவாக வாதாட அவரால் முடிந்தது. மூன்றாவது விடைக்காக மனதுக்குள் அவர் வாதாடிக்கொண்டிருந்தபோதே திரை தானாக அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டது. 'ஏய், இரு' என்று அவர் வாய்விட்டுச் சொன்னது பக்கத்துப் பிள்ளைக்குக் கேட்டது.

எழுத்துப் பகுதி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய கோட்டை. கல்லூரியின் சுற்றறிக்கைகள், அறிவிப்புகள், புதிய மாணவர் கையேடு எல்லாம் அவர் கையால் வந்தவை. 'உங்களை வியக்க வைத்த ஒருவரைப் பற்றி எழுதுக' என்பது தலைப்பு. 'சமகாலக் கல்விச் சூழலின் பல்வேறு பரிமாணங்களைக் கருத்தில் கொள்ளுமிடத்து' என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியம் ஒரு பத்தி முழுக்க நடந்து, எங்கேயோ ஓரிடத்தில் வினைச்சொல்லைத் தொலைத்து, மூச்சு வாங்கி நின்றது. அடுத்ததும் அதே தடத்தில் போனது. வியக்க வைத்த அந்த ஒருவர் கட்டுரை முடியும்வரை தலைகாட்டவில்லை. நேரம் முடிந்தபோது நெக்ஸ்ட் சார் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு எழுந்தார்.

முடிவு அங்கேயே அச்சாகி வந்தது. பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். ஒருமுறை அவரை ஏறிட்டுப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு காகிதத்தை அவரிடம் நீட்டினார்.

எழுத்து: அடிப்படை நிலை. மகளைவிட இரண்டு மதிப்பெண் குறைவு. கீழே இயந்திரம் ஒரு குறிப்பும் போட்டிருந்தது: 'எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பது விளங்கவில்லை.'

நெக்ஸ்ட் சார் முகத்தில் ஈயாடவில்லை. "இது... மெஷின்ல ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.

பொறுப்பாளர் அவர் தோளுக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்து, "நெக்ஸ்ட்!" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு, மறுபரிசீலனை மனு ஒன்றை எழுதினார். அடுக்கடுக்கான காரணங்களோடு அனுப்பினார். தேநீர் ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: 'தங்கள் மனு மிகக் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது.' வெளியே வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த தன் அலுவலக உதவியாளனிடம் கேட்டார்.

"படிச்சியா இதை?"

"இல்ல சார்."

"படிக்காம எப்படிய்யா நிராகரிச்சே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, மனு வந்தா படிச்சு நேரத்தை வீணாக்காதே, பதிலை உடனே அனுப்பிடுன்னு." பிறகு, மனசு கேட்காமல், "ஆனா பதில் நல்லா இருக்கு சார். நீங்க எழுதினதுதான்" என்றான்.

வீட்டில் விஷயத்தை மறைக்கப் பார்த்தார். சிஸ்டத்தில் ஏதோ கோளாறு, சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன், அது இது என்று மழுப்பினார். பல் மருத்துவருக்கு வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதா? ஐந்து நிமிடத்தில் முழு உண்மையும் வெளியே வந்து மேசைமேல் கிடந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டார்கள்.

மகள் சிரிக்கவில்லை. "தேர்வு பொய் சொல்லாதுப்பா" என்றாள். அதில் கிண்டல் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு அவளுடைய கல்லூரிப் பை அலமாரியின் மேல் ஏறிவிட்டது. காலையில் அவர் கிளம்பும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருப்பாள். வகுப்புக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளை நெக்ஸ்ட் சார் நிறையப் பார்த்திருக்கிறார். 'விலகல்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அப்படிப் போனவர்கள் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்ததில்லை. ஒரு ஜன்னல் பக்கமாக இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்க வேண்டிய நேரம் நெருங்கியதும் பொறுக்க முடியாமல் அவளிடம் போய் நின்றார்.

"இப்ப என்னதான் பண்ணணுங்கறே?"

"நீங்க வந்தா நானும் வர்றேன்."

"எங்க?"

"கிளாஸுக்கு. உங்களுக்கும் அதே கிளாஸ்தானே போட்டிருக்காங்க?"

"விளையாடாதே. என் பதவி என்ன, நான் போய்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் விளையாடவில்லை.

அடிப்படை எழுத்து வகுப்பு கல்லூரியின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளைக் குவித்து வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. எத்தனையோ நூறு பிள்ளைகளை அங்கே அனுப்பியிருந்த நெக்ஸ்ட் சாருக்கு வழி தெரியவில்லை. மகள்தான் ஒருவரிடம் கேட்டு அழைத்துப் போனாள். உள்ளே சுவரில் பாதிக்குமேல் ஈரம் ஏறியிருந்தது. கரும்பலகையின் ஒரு மூலை உடைந்திருந்தது. எழுதுகிற எந்த வாக்கியமும் அந்த மூலைக்கு வந்ததும் குதித்துத்தான் போக வேண்டும்.

அவரைப் பார்த்ததும் வகுப்பே எழுந்து நின்றது. சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் மகளுக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெஞ்சு அவருடைய முழங்காலுக்கு இடம் தரவில்லை.

ஆசிரியை தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் நடத்தும் இளம்பெண். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கூட்டரில் பறப்பதிலேயே அவருடைய பாதி வாழ்க்கை கழிந்தது. நெக்ஸ்ட் சாரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார்... இன்ஸ்பெக்‌ஷனா?"

"இல்ல மேடம். அட்மிஷன்."

எப்போதும் தொப்பியோடு திரியும் ஒரு பையன் கடைசி பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சார், எனக்கு இந்த கிளாஸ்தான்னு நீங்க சொன்னீங்க. உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"நானேதான்பா," என்றார் நெக்ஸ்ட் சார்.

முதல் நாள் பயிற்சி எளிதாக இருந்தது. காலையில் எழுந்ததும் என்ன செய்தீர்கள், மூன்று வாக்கியம். மகள் மூன்று வாக்கியம் எழுதினாள்; மூன்றையும் சேர்த்தால் ஒரு சாண் நீளம்கூட வராது. ஆசிரியை அதற்குக் கீழே 'இன்னும் கொஞ்சம் சொல்லேன், ஆசையாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். நெக்ஸ்ட் சார், 'காலை வேளையில் விழித்தெழுதல் மேற்கொள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரே சொல்தான் இருந்தது: 'யாரால்?'

அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் எழுதிய எதற்கும் யாரும் 'யாரால்' என்று கேட்டதில்லை. மறுநாள் போக வேண்டாம் என்றுகூட நினைத்தார். காலையில் பார்த்தால் மகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

இப்படியே சில வாரம் ஓடியது. ஒருநாள் ஆசிரியை கல்லூரியின் புதிய மாணவர் கையேட்டைக் கொண்டுவந்தார். "இன்னிக்கு நிஜமான உரைநடையில ஒரு பயிற்சி பண்ணலாம். இது நம்ம காலேஜ் கையேடு. எந்தப் புண்ணியவான் எழுதினாரோ தெரியல, இதுலேர்ந்து ஒரே ஒரு வாக்கியம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதினார். உடைந்த மூலையை அது நான்கு முறை குதிக்க வேண்டியிருந்தது.

'பரிந்துரைக்கப்பட்ட நிலைகளில் மாற்றம் கோரப்படும் பட்சத்தில், உரிய காலத்திற்குள் உரிய படிவத்தில் உரிய அலுவலரிடம் உரிய முறையில் சமர்ப்பிக்கப்படாத விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படாமைக்கு மையம் பொறுப்பாகாமை அறியப்படுக.'

அந்தக் கையேட்டை நெக்ஸ்ட் சார் ஒரு விடுமுறை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியவர். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வீட்டாருக்கு உரக்க வாசித்தும் காட்டியிருந்தார். முன் பெஞ்சில் மகள் தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்? யாராவது சொல்லுங்க," என்றார் ஆசிரியை.

"வராதேன்னு அர்த்தம் மேடம்," என்றான் தொப்பிக்காரன்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "சார், நீங்க ஆபீஸ்ல இருக்கறவர். உங்களுக்குத் தெரியும். இந்த உரிய அலுவலர் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

"உரிய படிவம்?"

நெக்ஸ்ட் சார் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அப்படி ஒரு படிவம் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். எந்தத் தட்டிலும் இல்லை. "அது... இன்னும் அச்சடிக்கல."

முன்வரிசையில் ஒரு பெண்மணி இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு படிக்க வந்தவர். கண்ணாடிக் கடையில் அரைநாள் வேலை பார்ப்பவர். வகுப்பில் எல்லோருக்கும் அக்கா. அவர் திரும்பிப் பார்த்தார். "போன வருஷம் அந்த ஃபாரத்துக்குத்தான் சார் நான் கவுன்டர் கவுன்டரா ஏறி இறங்கினேன். இங்க இல்ல, அங்க கேளுங்கன்னாங்க. கெடு முடிஞ்சுபோச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. ஒரு வருஷம் போச்சு." கோபமே இல்லாமல், கடையில் சில்லறை சொல்வது போலத்தான் சொன்னார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியை பேச்சை மாற்ற, "சரி, எழுதினவர் யாரோ, நாம..." என்றார்.

"நான்தான் எழுதினேன் மேடம்," என்றார் நெக்ஸ்ட் சார்.

ஆசிரியை கையிலிருந்த சுண்ணக்கட்டி பாதியாக முறிந்தது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கரும்பலகையில் இருந்ததை முதல் சொல்லிலிருந்து மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். அறியப்படுக. யாரால்?

அந்த வாக்கியத்தைப் புரியும்படி மாற்றி எழுதி வருவது வீட்டுப்பாடம். அன்று மாலை அப்பாவும் மகளும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மகள் எழுதி முடித்துவிட்டுப் பழம் நறுக்கப் போய்விட்டாள். அவர் கிழித்துக் கிழித்துப் போட்டார். பொறுக்க முடியாமல் அவளுடையதை எட்டிப் பார்த்தார்: 'உங்களுக்குப் போட்ட நிலை சரியில்லை என்று தோன்றினால், முதல் மாதம் முடிவதற்குள் ஆலோசகரிடம் வந்து சொல்லுங்கள்.'

"படிவம் எங்கம்மா?"

"அதான் வந்து சொல்றாங்களே. அப்புறம் எதுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். அது திறந்தபடியே இருந்தது. மனைவி அந்தப் பக்கமாகப் போகும்போது, "நல்லாத் திறந்து வைங்க, அப்படியே ஒரு பார்வை பார்த்துடறேன்" என்றார்.

மகள் எழுதிய வாக்கியத்தையே அச்சடித்து, அறைக் கதவில் ஒட்டினார் நெக்ஸ்ட் சார். அங்கே பிடித்தது வினை. பிள்ளைகள் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். சொன்னால் கேட்க வேண்டியிருந்தது. ஒருவன் தேர்வு நாளுக்கு முந்தைய நாள் முழுக்க மருத்துவமனையில் அப்பாவோடு இருந்திருந்தான். ஒருத்திக்கு எதிலும் குறைவில்லை, கணினித் திரையைப் பார்த்தால் தலைவலி வரும், அவ்வளவுதான். ஒருவன் எந்தக் குறையும் இல்லாமல், வராந்தாவில் வெயில் என்பதால் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தான். நெக்ஸ்ட் சார் அவனிடமும் பேசினார். வரிசை படிக்கட்டுவரை நீண்டு, கழிப்பறைக்குப் போகிறவர்களின் வழியை மறித்தது.

முதல்வர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன சார், மையத்துல வேலை ஆமை வேகத்துல நடக்குதாமே?"

"பிள்ளைங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன் சார்."

"என்னத்தைக் கேக்கறீங்க?"

"என்ன படிக்கணும்னு."

"அதைக் கேக்காம இருக்கத்தானே சார் இவ்வளவு செலவு பண்ணி அந்த டெஸ்டை வாங்கினோம்?" என்றார் முதல்வர், உண்மையான வருத்தத்தோடு.

ஆனாலும் முதல்வர் எதிலும் ஆதாயம் பார்க்கத் தெரிந்தவர். ஆலோசகர் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறார் என்ற செய்தி காதுக்கு எட்டியதும், நிழற்படக்காரரை வரவழைத்தார். ஒரே வாரத்தில் கல்லூரி வாசலில் ஆளுயரப் பதாகை எழுந்தது. நெக்ஸ்ட் சார் ஒரு தடிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தொலைவில் எதையோ பார்த்துப் புன்னகைத்தார். கீழே, 'எங்கள் ஆலோசகரே எங்கள் மாணவர்!' என்றிருந்தது. மறுநாளே யாரோ அதன் தலையில் மார்க்கரால் ஒரு தொப்பி வரைந்துவிட்டார்கள். யார் என்று விசாரிக்கும் பொறுப்பு நெக்ஸ்ட் சாரிடமே வந்தது. அவர் விசாரிக்கவில்லை. தொப்பி பொருத்தமாகத்தான் இருந்தது.

பருவ முடிவில் மறுதேர்வு நடந்தது. மகளுக்கு லட்சியம் இன்னும் தெரியவில்லை. ஆனால் ஏன் தெரியவில்லை என்பதை இரண்டு பக்கம் எழுதினாள். மேல்நிலைக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு முன்னேற்றம் உண்டு, ஆனால் இன்னொரு பருவம் அதே வகுப்பில் இருப்பது நல்லது என்று முடிவு வந்தது. அவர் மனு எதுவும் போடவில்லை.

இதற்குள் கண்ணாடிக் கடை அக்கா ஒருநாள் மதியம் அவருடைய அறைக்கு வந்தார். அவருக்குத் தேர்வு பரிந்துரைத்தது வணிகவியல். எண்கள் அப்படித்தான் சொல்லின. நெக்ஸ்ட் சார் திரையைத் திருப்பி வைத்துவிட்டு, "நீங்க என்ன படிக்கணும்னு வந்தீங்க?" என்று கேட்டார்.

யாரும் கேட்காததால் அக்கா பதிலைத் தயாராக வைத்திருக்கவில்லை. பிறகு சொன்னார். கண் பரிசோதனை செய்யப் படிக்க வேண்டும். கடையில் கண்ணாடி மாட்டிவிடும்போது, பொருந்தாமல் கண்ணைச் சுருக்குகிறவர்களைப் பார்க்கிறார். என்ன தவறு என்று தெரிந்துகொள்ள ஆசை. அதைப் பற்றி அவர் பேசப் பேசச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"அந்தப் படிப்பு இங்க இல்லம்மா," என்றார் நெக்ஸ்ட் சார் கடைசியில்.

"தெரியும் சார். இருக்கறதுல ஏதாவது ஒண்ணைப் படிச்சுக்கறேன்."

"எதுக்கு? ஆத்தைத் தாண்டி இருக்கற காலேஜ்ல அது இருக்கு. உங்க வீட்டுலேர்ந்து ஒரே பஸ். சேர்க்கை இன்னும் முடியல." சொல்லிவிட்டு அங்கே தொலைபேசியில் கூப்பிட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த அறையில், கதவில் இருந்த பலகைக்கு ஏற்ற காரியம் நடந்தது அதுவே முதல் தடவை.

அதன் பலன் உடனே கிடைத்தது. கட்டணம் கட்டிய மாணவியைப் போட்டிக் கல்லூரிக்கு அனுப்பிவைத்த குற்றத்துக்கு விளக்கம் கேட்டு முதல்வரிடமிருந்து கடிதம் வந்தது. வாசலில் இருந்த பதாகை தொப்பியோடு இறங்கியது. உதவியாளன் முகம் தொங்கிப்போனது. "சார், பெரிசா ஒரு பதில் எழுதுங்க சார். உங்களுக்கா எழுதத் தெரியாது? யாருக்கும் புரியாத மாதிரி போட்டுட்டா அப்படியே விட்டுடுவாங்க."

யோசனை நல்ல யோசனைதான். பழைய நெக்ஸ்ட் சாராக இருந்தால் பக்கம் பக்கமாக உரிய சொற்களைக் கொட்டி ஆளைத் திணறடித்திருப்பார். அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதிலை எழுதி, மகளிடம் நீட்டினார்.

'ஆமாம், நான்தான் அனுப்பினேன். அவர் கேட்ட படிப்பு நம்மிடம் இல்லை. நாளை வேறு யாராவது இப்படி வந்தாலும் அனுப்புவேன்.'

மகள் இரண்டு முறை படித்தாள். "கடைசி வாக்கியம் வேணுமாப்பா? வேலைக்கு உலை வைக்கும்."

"புரியாம போயிடுமா?"

"நல்லாப் புரியும். அதான் சொல்றேன்."

"அப்ப இருக்கட்டும்."

மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் அவர் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தது அந்த வீட்டில் பெரிய விஷயம்.

கடிதம் முதல்வர் மேசைக்குப் போனது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடித்து இழுக்க ஒரு நுனிகூட அதில் அகப்படவில்லை. மூத்த எழுத்தரைக் கூப்பிட்டு, "இவர் என்ன சொல்ல வர்றார்?" என்று கேட்டார். எழுத்தர் படித்துவிட்டு, "அவர்தான் அனுப்பினாராம் சார்" என்றார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதற்கு என்ன தண்டனை என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். விதிகளை எழுதியவரும் நெக்ஸ்ட் சார்தான் என்பதால், எந்த விதி என்ன சொல்கிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்லும்படி அவரிடமே அனுப்பிவைத்தார்கள்.

புத்தகம் வந்து சேர்ந்தபோது அவர் அறையில் இல்லை. பின்கட்டில் வகுப்பு ஆரம்பித்துவிட்டிருந்தது. அவர் தாமதமாகப் போனதற்கு ஆசிரியை காரணம் கேட்டுக்கொண்டிருந்தார்.